சபை பாட வேண்டும்: ஆராதனைக் குழுவில் புதிதாகச் சேர்பவர்களுக்கு

கோலாலம்பூரில் தமிழ் ஆராதனை நடக்கும் எந்தச் சபையை எடுத்துக்கொண்டாலும், அது பிரிக்பீல்ட்ஸில் உள்ள பழைய ஆலயமானாலும் கெப்போங்கில் கடைவரிசையின் இரண்டாம் மாடியில் கூடும் சிறிய சபையானாலும், பாடல் குழுவில் சேரும் இளையவர்களுக்கு முதல் வாரத்திலேயே இரண்டு அறிவுரைகள் கிடைத்துவிடும். ஒருவர், "இருதயம் சரியாக இருந்தால் போதும் தம்பி, கர்த்தர் ராகம் தாளம் பார்ப்பதில்லை" என்பார். இன்னொருவர், "சுருதி சேராமல் மேடை ஏறினால் அது கர்த்தருக்கே அவமரியாதை" என்பார். இருவரும் சபையை உண்மையாக நேசிப்பவர்கள்தாம். இரண்டையும் கேட்டுவிட்டு எந்தப் பக்கம் சாய்வது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆராதனைக் குழுவின் வேலை சபையைப் பாட வைப்பது. கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் பாட்டி பாடுகிறாரா, வேலைக் களைப்போடு வந்து நிற்கும் தகப்பன் பாடுகிறாரா என்பதைக் கொண்டுதான் குழுவை அளக்க வேண்டும். பக்தி குறைந்த குழு தன்னைக் காட்டிக்கொள்ளத் தொடங்கும். சபை வேடிக்கை பார்க்கும். பயிற்சி குறைந்த குழு தடுமாறும். எங்கே விழப்போகிறார்களோ என்று சபை பதறும். இரண்டு இடத்திலும் மக்கள் வாய் மூடிக்கொள்கிறார்கள். இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டால், இருதயமா இசையா என்ற சண்டையில் பாதி கரைந்துவிடும்.

சேருவதற்கு முன்

கிட்டாரைத் தூக்கிக்கொண்டு மேடைக்குப் போகும் முன் சில வாரங்கள் சபையில் நின்று பாடுங்கள். ஒரு வாரம் முன்வரிசை, ஒரு வாரம் பின்வரிசை, ஒரு வாரம் குழந்தைகளோடு தாய்மார் அமரும் பக்கம். எந்தப் பாட்டில் எல்லாரும் உரக்கப் பாடுகிறார்கள், எந்த இடத்தில் குரல்கள் தேய்ந்து மேடையின் சத்தம் மட்டும் மிஞ்சுகிறது என்று கவனியுங்கள். மேடை ஏறிய பிறகு இந்த ஓசை உங்களுக்கு இப்படிக் கேட்காது. இப்போது கேட்டதை நினைவில் வைத்துக்கொண்டுதான் பின்னால் முடிவெடுக்க வேண்டியிருக்கும்.

அதன் பிறகு குழுத் தலைவரிடமோ போதகரிடமோ நேரில் பேசுங்கள். ஆராதனை முடிந்து எல்லாரும் பசியாறும் நேரம் இதற்கு நல்லது. உங்களுக்குத் தெரிந்ததை உள்ளபடி சொல்லுங்கள். "கீபோர்ட் வாசிப்பேன்" என்று மட்டும் சொன்னால் தலைவருக்கு ஒன்றும் விளங்காது. "ஐந்தாம் கிரேடு முடித்திருக்கிறேன், ஆனால் இசைத்தாள் இல்லாமல் வாசித்துப் பழக்கமில்லை அண்ணா" என்றால் அவர் உங்களுக்கு எங்கிருந்து தொடங்குவது என்று அறிவார். மலேசியாவில் பியானோ கற்கும் பிள்ளைகள் பலர் ஏபிஆர்எஸ்எம் போன்ற தேர்வுகள் வழியே வளர்ந்தவர்கள். தாளைப் பார்த்து வாசிப்பதில் அவர்களுக்கு நல்ல தேர்ச்சி உண்டு. நம் தமிழ்ப் பாடல்களில் பெரும்பாலானவை வரிகளும் மேலே சில கார்டுகளும் (சேர்த்து வாசிக்க வேண்டிய சுரக்கூட்டங்களின் பெயர்கள்) மட்டுமாகக் கைக்கு வரும். கேட்டு வாசிப்பது தனித்திறமை. அதற்கென்று தனிப் பயிற்சி வேண்டும்.

முறை எத்தனை வாரத்துக்கு ஒருமுறை வரும், பயிற்சி எந்த நாள், பாடல்களைத் தேர்ந்தெடுப்பது யார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் எழுதும் ஆண்டாக இருந்தால் எந்த மாதங்களில் விலகி இருப்பீர்கள் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் மறைந்துபோனால் அட்டவணை போடுபவர் தவித்துப்போவார்.

வேதம் என்ன சொல்கிறது

இருதயமே போதும் என்பவர்களிடம் நான் திறந்து காட்டுவது 1 நாளாகமம் 25-ஆம் அதிகாரம். ஆலயத்தில் பாட நியமிக்கப்பட்டவர்கள் 288 பேர். கர்த்தரைப் பாடக் கற்றுத் தேர்ந்தவர்கள் என்றே அவர்களைப் பற்றி எழுதியிருக்கிறது. பன்னிரண்டு பேர் கொண்ட 24 பிரிவுகளாக அவர்கள் முறை வைத்துப் பாடினார்கள். அடுத்த வசனம் எனக்கு இன்னும் பிடித்தது: முறை யாருக்கு எப்போது என்பதைச் சீட்டுப் போட்டுத் தீர்மானித்தபோது ஆசானுக்கும் மாணாக்கனுக்கும் வேறுபாடு பார்க்கவில்லை. தேர்ச்சியும் வேண்டும், கற்றுக்கொண்டிருப்பவருக்கும் அதே மேடையில் இடம் வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது? பத்து அதிகாரங்களுக்கு முன்னால், உடன்படிக்கைப் பெட்டி எருசலேமுக்கு வந்தபோது பாடலை நடத்தியவன் கெனானியா. அவன் அதில் நிபுணன் என்பதுதான் அங்கே தரப்படும் காரணம்.

இசைத் திறமையே எல்லாம் என்பவர்கள் ஆமோஸ் 5-ஆம் அதிகாரத்தை வாசிக்க வேண்டும். உன் பாட்டுகளின் இரைச்சலை என்னைவிட்டு அகற்று என்று அங்கே கர்த்தர் சொல்கிறார். பாட்டு சுருதி பிசகியதாக அங்கே குற்றச்சாட்டு இல்லை. ஊர்வாசலில் ஏழையை ஒடுக்கியவர்கள் அதே கையோடு பண்டிகைக்கு வந்து வீணை வாசித்தார்கள். அந்த வீணையைத்தான் கேட்கமாட்டேன் என்றார்.

பவுல் இரண்டையும் ஒரே அதிகாரத்தில் வைத்துவிட்டார். 1 கொரிந்தியர் 14-இல் ஆவியோடும் பாடுவேன், கருத்தோடும் பாடுவேன் என்கிறார். அதற்குச் சற்று முன்னால், குழலும் சுரமண்டலமும் தெளிவான ஓசை கொடுக்காவிட்டால் வாசிக்கப்படுவது என்னவென்று எப்படித் தெரியும் என்று கேட்கிறார். அந்த அதிகாரம் முழுவதும் அவர் கவலைப்படுவது, பக்கத்தில் இருப்பவனுக்கு இது விளங்குகிறதா, அவன் வளர்கிறானா என்பதைப் பற்றியே.

வாரத்தின் நடுவே, வீட்டில்

ஞாயிற்றுக்கிழமைப் பாடல்கள் திங்களோ செவ்வாயோ வாட்ஸ்அப்பில் வந்து சேரும். வந்தவுடன் யூடியூபைத் திறக்காதீர்கள். முதலில் வரிகளை மட்டும், இசை இல்லாமல், வாய்விட்டு வாசியுங்கள். அந்த வரிகளை உங்கள் சொந்த ஜெபமாக ஒருமுறை சொல்லிப் பாருங்கள். எந்த வரியை உங்களால் மனதாரச் சொல்ல முடியவில்லையோ அங்கே நின்று ஏன் என்று யோசியுங்கள். இதற்குக் கால் மணி நேரம்கூட ஆகாது. ஆனால் குழுவில் பக்தி வளர்வதற்கு நான் அறிந்த சிறந்த பழக்கம் இதுதான். பலர் பாட்டை ஓசையாகவே கற்றுக்கொண்டு, வருடக்கணக்கில் பாடிய பிறகும் இரண்டாம் சரணம் என்ன சொல்கிறது என்று தெரியாமல் இருக்கிறார்கள்.

மலாய்மொழியில் பாடம் நடக்கும் தேசியப் பள்ளியில் படித்த நம் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் எழுத்து வாசிக்க வராது. அவர்களுக்காகப் பாடல் வரிகளை ரோமன் எழுத்தில் தட்டச்சு செய்து திரையில் காட்டுகிறோம். அந்த எழுத்தில் ல, ள, ழ மூன்றும் ஒன்றாகக் குழம்பிவிடும். நெடில் குறில் தெரியாது. முன்னணிப் பாடகரே பிழையாக உச்சரித்தால் சபையின் ஒரு தலைமுறை முழுவதும் அந்தப் பிழையைக் கற்றுக்கொள்ளும். தமிழ்ப்பள்ளியில் படித்த ஓர் அக்காவிடமோ மூத்தவர் ஒருவரிடமோ வரிகளை ஒருமுறை வாசித்துக் காட்டச் சொல்லி, கைபேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். புரியாத சொற்களுக்குப் பொருளையும் கேட்டு எழுதி வையுங்கள். கீர்த்தனைகளில் இன்று வழக்கில் இல்லாத சொற்கள் நிறைய வரும்.

வரிகள் பழகிய பிறகு இசை. பாடகரானால் தம்பூரா ஓசை தரும் ஒரு செயலியை வைத்துக்கொண்டு ஆதார சட்ஜத்தில் (ச) நின்று பழகுங்கள். கீபோர்டோடு சேர்ந்து பாடுவதைவிட இது காதை வேகமாகத் திருத்தும். வாசிப்பவரானால் சீரான தாளத்தைத் தட்டிக் காட்டும் மெட்ரோனோமை ஓடவிட்டு வாசியுங்கள். பதற்றத்தில் கை தானாக வேகமெடுக்கும். வீட்டில் ஒழுங்காக நின்ற காலப்பிரமாணம் மேடையில் ஓடத் தொடங்குவது புதியவர்கள் எல்லாருக்கும் நேர்வது. அரைமணி நேரம் கவனமாகச் செய்தால் போதும். தெரிந்த பகுதியையே சுகமாக வாசித்துக்கொண்டிருக்காமல், இடறும் இரண்டு கார்டு மாற்றங்களை மட்டும் எடுத்து மெதுவாகத் திரும்பத் திரும்ப வாசியுங்கள்.

எந்தச் சுருதியில் பாடுவது

சபை பாடாமல் நிற்பதற்குப் பக்திக் குறைவைக் காரணம் சொல்லும் முன் சுருதியைப் பாருங்கள். பதிவில் பாடியவர் தொழில்முறைப் பாடகர். அவர் குரலின் உச்சியில் ஒளி வரும் சுருதியில் அந்தப் பாட்டைப் பதிந்திருப்பார்கள். அதே சுருதியில் சபையைப் பாடச் சொன்னால், பல்லவி மேலே ஏறும் இடத்தில் பாதிப் பேர் நிறுத்திவிடுவார்கள். சிலர் கீழ் ஸ்தாயிக்கு இறங்குவார்கள்.

பயிற்சி இல்லாத குரல்கள் சேர்ந்து பாடும்போது, பாட்டின் மிக உயர்ந்த சுரம் மேல் டி-யைத் தாண்டாமலும் மிகத் தாழ்ந்த சுரம் கீழ் ஏ-வுக்குக் கீழே இறங்காமலும் இருந்தால் ஏறக்குறைய எல்லாராலும் பாட முடியும். பெண்கள் ஒரு ஸ்தாயியிலும் ஆண்கள் அதற்குக் கீழ் ஸ்தாயியிலும் இயல்பாகச் சேர்ந்துகொள்வார்கள். கணக்குப் போடுவது எளிது. ஒரு பாட்டு மேல் காந்தாரம் (க) வரை ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சி-யில் வைத்தால் அது ஈ-யைத் தொடும், சபை திணறும். பி ஃபிளாட்டுக்கு இறக்கினால் அதே இடம் டி-யில் வந்து நிற்கும். இந்த ஒரு மாற்றம் செய்யும் வேலையைப் பெரிய ஒலிபெருக்கிகள் செய்யாது.

இங்கேதான் திறமை அன்பாக மாறுவதைப் பார்க்கிறேன். உங்கள் குரல் மேலே ஏறும்போது அழகாக இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். இறக்கினால் அந்த மினுக்கம் போய்விடும் என்பதும் தெரியும். பின்வரிசைக்காக அதை விட்டுக்கொடுப்பவர் ஆராதனை நடத்தத் தகுதியானவர்.

கிட்டார் வாசிப்பவருக்கு பி ஃபிளாட்டும் ஈ ஃபிளாட்டும் தொல்லை. கிட்டார்க் கழுத்தில் பொருத்தும் கவ்வியான கேப்போவைப் பயன்படுத்துங்கள்: முதல் கட்டத்தில் கேப்போ போட்டு டி வடிவங்களை வாசித்தால் ஈ ஃபிளாட் கிடைக்கும், ஏ வடிவங்கள் பி ஃபிளாட் தரும். கீபோர்டில் சுருதியை மாற்றித்தரும் டிரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்துவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஆனால் பாட்டு முடிந்தவுடன் அதைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரும் பழக்கம் விரலில் ஊற வேண்டும். அடுத்த பாட்டைக் கிட்டார் ஒரு சுருதியிலும் கீபோர்ட் ஒரு சுருதியிலும் தொடங்குவதற்கு இதைவிடக் குறுக்குவழி கிடையாது.

கீர்த்தனையும் பாமாலையும்

நம் சபைகளுக்கு இரண்டு பெரிய களஞ்சியங்கள் உண்டு. மேலைநாட்டு மெட்டில் வந்த பாமாலைகள் ஒன்று. நம் ராகதாளங்களில் எழுந்த கீர்த்தனைகள் மற்றொன்று. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் 1774-இல் பிறந்து 1864 வரை வாழ்ந்தவர். அவர் போன்றவர்கள் கொடுத்த இந்தக் கொடை கப்பலேறி மலாயாவுக்கு வந்தவர்களோடு வந்து சேர்ந்தது. புதிய பாடல்களில் மட்டுமே வளரும் இளைய வாசிப்பாளர்கள் கீர்த்தனை வந்தால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். இதை நான் கவலையோடு சொல்கிறேன்: சபையின் மூத்தவர்கள் மனப்பாடமாக, கண்ணை மூடிக்கொண்டு, முழுக்குரலில் பாடுவது இவற்றைத்தான்.

ஆகவே ஆறு மாதத்துக்குச் சில கீர்த்தனைகள் என்று வைத்துக் கற்றுக்கொள்ளுங்கள். ராகத்தை நுணுக்கமாக அறிய வேண்டியதில்லை. சில பொருத்தங்கள் தெரிந்தால் போதும். சங்கராபரணம் மேஜர் ஸ்கேலோடு ஒத்துப்போகும். நடபைரவி இயல்பான மைனர். கீரவாணி ஹார்மோனிக் மைனர். மோகனத்தில் மத்யமமும் (ம) நிஷாதமும் (நி) இல்லை. சி-யில் மோகனப் பாட்டு வாசிக்கும்போது பழக்கத்தால் எஃப் கார்டைப் போட்டால், ராகத்தில் இல்லாத மத்யமம் உள்ளே நுழைந்து மூத்தவர்களின் காதை உறுத்தும். சி, ஏ மைனர் இரண்டோடு தொடங்குங்கள். ஜி கார்டிலும் நிஷாதம் இருப்பதால் அதை வெறும் ஜி-டி என்று நடுச்சுரம் இல்லாமல் தொடுங்கள். குறைவாக வாசிப்பதே இங்கே தேர்ச்சி.

தாளத்தைப் பொறுத்தவரை, டிரம்ஸ் வாசிக்கும் தம்பிமார்களுக்குக் கையில் முதலில் வருவது நான்கு எண்ணிக்கை. ரூபக தாளத்துப் பாட்டில் அதைப் போட்டால் இரண்டாவது அடியிலேயே பாட்டும் தாளமும் பிரிந்துவிடும். மூன்றாக எண்ணிப் பாருங்கள், பொருந்தும். தபேலா வாசிக்கத் தெரிந்தவர் சபையில் இருந்தால் அந்த வாரம் டிரம்ஸ் ஓய்வெடுக்கட்டும்.

மெட்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஒரே கீர்த்தனையைத் திருநெல்வேலி வழி வந்த குடும்பங்களும் யாழ்ப்பாண வழி வந்த குடும்பங்களும் சற்று வேறுவிதமாகப் பாடுவதுண்டு. யூடியூபில் கேட்டதே சரி என்று எண்ணாமல், உங்கள் சபையில் பல்லாண்டு பாடிய ஒருவரைப் பயிற்சிக்கு அழைத்து, "அம்மா, நம் சபையில் இதை எப்படிப் பாடுவது?" என்று கேளுங்கள். அவர் பாடுவதைக் கேட்டு வாசியுங்கள்.

பயிற்சி மாலை

வெள்ளி இரவோ சனி மாலையோ, கோலாலம்பூரின் நெரிசலும் மாலை மழையும் சேர்ந்து பயிற்சியை அரைமணி நேரம் விழுங்கிவிடும். எல்ஆர்டி நிலையம் பக்கத்தில் இருந்தால் காரை வீட்டில் விட்டு வருவது நல்லது. வந்தவர்களோடு குறித்த நேரத்தில் தொடங்குங்கள்.

ஜெபத்தோடு தொடங்கும் குழுக்கள் பல; அந்த ஜெபம் இரண்டு நிமிடச் சடங்காகச் சுருங்கிவிடுவதும் உண்டு. நான் பரிந்துரைப்பது: ஞாயிறு வாசிக்கப்படும் வேதபாகத்தை ஒருவர் சத்தமாக வாசிக்கட்டும். பிறகு சபையில் இந்த வாரம் நோயில், துக்கத்தில், வேலையிழப்பில் இருப்பவர்களைப் பெயர் சொல்லி நினைத்து ஜெபியுங்கள். ஞாயிறு யாருக்காகப் பாடப்போகிறோம் என்று தெரிந்த பின் கை வேறுவிதமாக வாசிக்கும். குழுவுக்குள் இருவருக்கிடையே மனத்தாங்கல் இருந்தால் அதுவும் இங்கேயே பேசித் தீரட்டும். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்ற மத்தேயு 5-ஆம் அதிகாரக் கட்டளை பாடகர்களுக்கும் உரியது.

பயிற்சியில் பாட்டுகளை முதலிலிருந்து கடைசிவரை ஓட்டிக்கொண்டிருப்பதைவிட, தொடக்கங்களையும் முடிவுகளையும் ஒரு பாட்டிலிருந்து அடுத்ததற்கு மாறும் இடங்களையும் பழகுங்கள். சபை குழம்புவது அங்கேதான். முன்னிசை எத்தனை சுற்று, பாடகர் எங்கே நுழைகிறார், பல்லவியை மறுபடி பாடுவதற்குக் கைச்சைகை என்ன என்பதை முடிவு செய்து எழுதுங்கள். புதிய பாட்டு என்றால் ஒரு ஞாயிற்றுக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். கற்றுக்கொடுத்ததை அடுத்த இரண்டு மூன்று வாரங்களும் பாடுங்கள். குழுவுக்கு அலுப்புத் தட்டும் நேரத்தில்தான் சபைக்குப் பாட்டு பழகத் தொடங்கியிருக்கும்.

ஞாயிறு காலை

வெயிலில் காரில் கிடந்த கிட்டாரைக் குளிர்சாதன அறைக்குள் கொண்டுவந்தவுடன் சுருதி கூட்டாதீர்கள். பெட்டியைத் திறந்து வைத்து, சற்று நேரம் அந்த அறையின் குளிருக்குப் பழகவிட்டுக் கூட்டுங்கள். இல்லாவிட்டால் இரண்டாம் பாட்டுக்குள் மறுபடி நகர்ந்திருக்கும். நம் ஊர் ஈரப்பதத்தில் தபேலாவின் தோலுக்கும் இதே கவனிப்பு வேண்டும்.

மைக்கின் கம்பிவலைத் தலையைக் கையால் பொத்திப் பிடிக்காதீர்கள். அப்படிப் பிடித்தால் மைக் எல்லாத் திசையிலிருந்தும் சத்தத்தை வாங்கத் தொடங்கும். குழுவுக்குக் கேட்பதற்காக மேடையில் வைக்கும் ஒலிபெருக்கியான மானிட்டரின் ஒலி திரும்ப உள்ளே போய்க் கீச்சிடும். மைக்கின் பின்பக்கம் மானிட்டரைப் பார்க்கட்டும், வாய்க்கும் மைக்குக்கும் இரண்டு மூன்று விரல் இடைவெளி இருக்கட்டும். கடைவரிசை மாடிகளில் கூடும் சபைகளில் கூரை தாழ்ந்தும் சுவர்கள் வெறுமையாகவும் இருக்கும். டிரம்ஸ் ஒலி சுவரில் மோதித் திரும்பும். அங்கே கையால் தட்டும் மரப்பெட்டி வாத்தியமான கஹோனே போதும். மேடையில் ஒவ்வொருவரும் "என் சத்தம் எனக்குக் கேட்கவில்லை" என்று மிக்சர் பார்ப்பவரிடம் கேட்டுக்கொண்டே போனால், கடைசியில் சபைக்குத் தன் சத்தமே கேட்காது. தன் குரலும் பக்கத்திலிருப்பவர் குரலும் காதில் விழாத மனிதன் பாடமாட்டான். ஒலி சோதனையின்போது குழுவில் ஒருவர் இறங்கிப்போய் நடுவரிசையில் நின்று கேளுங்கள்.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1761-இல் வெளியிட்ட பாடல் தொகுப்பில் பாடுவோருக்குச் சில கட்டளைகள் கொடுத்தார்: எல்லாரும் பாடுங்கள், மற்றவர் குரலுக்கு மேலாகக் கத்தாதீர்கள், தாளத்தைவிட்டு முந்தவும் பிந்தவும் செய்யாதீர்கள், எல்லாவற்றுக்கும் மேலாக ஒவ்வொரு சொல்லிலும் கடவுளை நோக்கியிருங்கள். மைக்கும் மின்சாரமும் இல்லாத காலத்தில் எழுதியது. இன்று மெதடிஸ்ட் சபைக்கும் பெந்தெகொஸ்தே சபைக்கும் ஒரே மாதிரி பொருந்துகிறது.

போதகர் ஜெபிக்கும்போது கீபோர்டில் மெல்லிய இசை தொடர்வது பல சபைகளில் வழக்கம். இதைப் புதியவர் ஒருவரிடம் ஒப்படைக்கும்போது நான் வலியுறுத்திச் சொல்வது உண்டு. மக்கள் அழும்போது சத்தத்தை ஏற்றாதீர்கள். கார்டுகளை மாற்றி மாற்றி உணர்ச்சியைத் தூண்ட முடியும் என்பதை எந்த இசைக்கலைஞரும் சீக்கிரமே கண்டுகொள்வார். அந்தச் சக்தியைப் பயன்படுத்தி ஒருவரின் கண்ணீரை வரவழைத்து, அதைப் பரிசுத்த ஆவியானவரின் செயல் என்று அழைப்பது பெரிய பாரம். இரண்டு கார்டுகளில் மெதுவாக நில்லுங்கள். சில நேரம் கையை எடுத்துவிடுங்கள், அமைதியும் ஆராதனையே.

கைதட்டலும் வறட்சியும்

நன்றாகப் பாடினால் பாராட்டு வரும். "எல்லாம் கர்த்தரின் கிருபை" என்று சொல்லித் தலையைக் குனிந்துகொண்டு உள்ளுக்குள் மகிழ்வதைவிட, "நன்றி அக்கா" என்று நேராகச் சொல்லிவிட்டு அவர் வீட்டுச் செய்தியைக் கேட்பது நேர்மையானது. ஏறக்குறைய 1600 ஆண்டுகளுக்கு முன் திருச்சபைப் பிதாக்களில் ஒருவரான ஆகஸ்டின், பாடப்படும் பொருளைவிடப் பாடும் குரல் தன்னை அதிகமாக அசைக்கும்போது தான் பாவம் செய்வதாக உணர்ந்ததை எழுதிவைத்தார். ஆனாலும் ஆலயத்தில் பாடல் வேண்டாம் என்று அவர் முடிவு செய்யவில்லை. அவ்வளவு பெரியவருக்கே இந்த இழுபறி இருந்தது என்றால், உங்களுக்குள் அது எழும்போது பயந்து குழுவைவிட்டு ஓட வேண்டாம். போதகரிடமோ நம்பிக்கையான மூத்தவரிடமோ சொல்லுங்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. மேடையில் நின்று பாடும்போது உள்ளே ஒன்றுமே அசையாத ஞாயிறுகள் வரும். அப்போது முகத்தில் பரவசத்தை வரவழைக்காதீர்கள். வரிகளை நிதானமாக, தெளிவாகப் பாடுங்கள். நீங்கள் பழகி வைத்த சுருதியும் தாளமும் அந்த நாளில் உங்களைத் தாங்கும், சபையையும் தாங்கும். உங்களுக்கு வறட்சியாக இருக்கும் அதே பாட்டில் முன்வரிசைப் பெண் ஒருவர் தன் ஆறுதலைக் கண்டுகொண்டிருக்கலாம். வறட்சி மாதக்கணக்கில் நீண்டால் சில முறைகளை விட்டுவிட்டுச் சபையோடு நின்று பாடுங்கள். ஓய்வு கேட்பது விசுவாசக் குறைவு அன்று.

கடினமான இரண்டு நிலைமைகள்

பக்தியில் குறை சொல்ல முடியாத ஒருவர். பாடினால் சுருதி சேரவில்லை. எல்லாக் குழுவிலும் இது வரும். பெரும்பாலும் மைக்கைச் சத்தமில்லாமல் குறைத்துவைத்துச் சமாளிக்கிறார்கள். அது ஏமாற்று, செய்யாதீர்கள். தனியாக, நேரில், அன்போடு உண்மையைச் சொல்லுங்கள். பலருக்குக் குறை குரலில் இல்லை, காதில்தான். தம்பூரா ஓசையோடு சில மாதம் ஒருவர் பக்கத்தில் அமர்ந்து பழக்கினால் வியக்கத்தக்க மாற்றம் வருகிறது. அதற்குப் பொறுமையுள்ள ஒருவரைக் குழு ஒதுக்க வேண்டும். அப்படியும் சேரவில்லை என்றால், திரையில் வரிகளை நகர்த்தும் பணி, ஒலிக் கருவிகள், புதியவர்களுக்கு உச்சரிப்புக் கற்றுத்தருவது எனப் பல பொறுப்புகள் உண்டு. வரிகளை அரை நொடி முன்னதாக மாற்றத் தெரிந்தவர் கையில்தான் சபையின் பாட்டு பாதி நிற்கிறது. ஆறுதல் பரிசாக அல்லாமல் உண்மையான ஊழியமாக அதைக் கொடுங்கள்.

இரண்டாவது நிலைமை இன்னும் சங்கடமானது. அற்புதமாக வாசிப்பவர்; ஆனால் பயிற்சிக்கு வருவதில்லை, ஜெபத்தில் நிற்பதில்லை, பிரசங்கம் தொடங்கியதும் வெளியே போய்விடுகிறார், இளையவர்கள் பிழை செய்தால் முகம் சுளிக்கிறார். அவர் இல்லாவிட்டால் இசை படுத்துவிடும் என்ற பயத்தில் எல்லாரும் பொறுத்துக்கொள்கிறார்கள். என் கருத்தில், ஒரு கிட்டாரும் நேர்மையான மூன்று கார்டுகளும் அந்த நிலைமையைவிட மேல். ஆனால் அவரை விலக்கும் முன் ஒருமுறையாவது அவரோடு அமர்ந்து பேசியிருக்க வேண்டும். வாசிக்க மட்டும் கூப்பிடப்பட்டு, மனிதனாக யாரும் விசாரிக்காத தனிமையில் இறுகிப்போனவர்களும் உண்டு. கிறிஸ்துமஸ் இசை நிகழ்ச்சிக்கு வெளியிலிருந்து கூலிக்குக் கலைஞர்களை அழைப்பதைப் பற்றிக் கேட்கிறார்கள்: நிகழ்ச்சிக்கு அழைக்கலாம், வாராந்தர ஆராதனைக்கு வேண்டாம் என்பேன். சபையின் பிள்ளைகள் தடுமாறிக் கற்றுக்கொள்ள வேறு மேடை இல்லை.

பண்டிகை நாள்கள்

கிறிஸ்துமஸ் கால வீட்டு வருகைப் பாடல்களுக்கு ஒரு கிட்டாரும் பாட்டுப் புத்தகங்களும் போதும். அடுக்குமாடி வீடுகளில் பத்து மணிக்கு முன் முடித்துக்கொள்வது அண்டைவீட்டாருக்கு நாம் செய்யும் மரியாதை. பெரிய வெள்ளிக்குத்தான் அதிகத் திட்டம் வேண்டும். சபா, சரவாக் மாநிலங்களில் அது பொது விடுமுறை, நமக்கு இல்லை. விடுப்பு எடுக்க முடியாதவர்கள் வேலையிலிருந்து நேராக மாலை ஆராதனைக்கு ஓடிவருவார்கள். ஈஸ்டர் அதிகாலை ஆராதனைக்கு இடையில் ஒரு நாள்தான். ஆகவே இரண்டு ஆராதனைகளுக்கும் உரிய பாடல்களை ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான லெந்துவின் தொடக்கத்திலேயே போதகரோடு அமர்ந்து முடிவு செய்து, விடுப்பு கிடைப்பவர் யார், கிடைக்காதவர் யார் என்று கேட்டு அட்டவணை போடுங்கள். பெரிய வெள்ளிக்கு டிரம்ஸ் வேண்டாம். தெரிந்த கீர்த்தனைகளை மட்டும் எடுத்து, ஒரு சரணமாவது வாத்தியங்களை முழுவதும் நிறுத்திச் சபையைத் தனியாகப் பாடவிடுங்கள். எந்தச் சரணம் என்பதைப் பயிற்சியிலேயே குறித்துக்கொள்ளுங்கள். மிக்சர் பார்ப்பவருக்கும் சொல்லிவிடுங்கள், முன்னணிப் பாடகரின் மைக்கையும் அந்த இடத்தில் இறக்க வேண்டும்.